பேட்ஃபிங்கர்: பாட்டு இருந்தது, பணம் எங்கே?

'வித்தவுட் யூ' என்ற பாடலைக் கேட்காதவர்கள் குறைவு. அது மரியா கேரி பாட்டு என்பார்கள் 90களில் வளர்ந்தவர்கள். இல்லையில்லை, ஹாரி நில்சன் பாட்டு என்று திருத்துவார்கள் அவர்களுக்கு மூத்தவர்கள். இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. பாடியவர்கள் அவர்கள். எழுதியவர்கள் பீட் ஹாம், டாம் இவான்ஸ் என்ற இருவர். பேட்ஃபிங்கர் என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் ஆட்கள்.

நூற்றுக்கும் மேற்பட்ட பாடகர்கள் பாடிய பாட்டு அது. அதை எழுதிய இருவருமே பணத் தகராறுகளுக்கு நடுவில் தற்கொலை செய்துகொண்டார்கள். பீட் ஹாம் 1975-ல், 27 வயதில். டாம் இவான்ஸ் 1983-ல், 36 வயதில்.

இந்த இடத்துக்கு வந்ததும் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான் கிடைக்கிறது: சாபம். பேட்ஃபிங்கர் பற்றி இசை ரசிகர்கள் எழுதியதில் பாதியை எடுத்துப் பார்த்தால் 'சபிக்கப்பட்ட குழு', 'துரதிர்ஷ்டம் துரத்திய குழு', 'பீட்டில்ஸ் நிழலில் கருகிய செடி' என்றுதான் இருக்கும். படிக்க உருக்கமாக இருக்கும். உண்மைதானா என்று பார்த்தால், இல்லை. இந்தக் குழுவை அழித்தது கிரகமும் இல்லை, பீட்டில்ஸும் இல்லை. ஒரு கான்ட்ராக்ட். ஒரு கம்பெனி. அதன் வரவு செலவுக் கணக்கு. காமர்ஸ் படிக்கிறவர்கள் இந்தக் கதையை இசை ரசிகர்களை விட நன்றாகப் புரிந்துகொள்வார்கள் என்றே சொல்லலாம்.

சரி, முதலில் இருந்து வரலாம்.

ஐவீஸ் என்று ஒரு குழு

1961-ல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரத்தில் தொடங்கிய பையன்கள் குழு அது. பிறகு ஐவீஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பீட் ஹாம் கிட்டார், பாட்டு. ரான் கிரிஃபித்ஸ் பேஸ். மைக் கிப்பின்ஸ் டிரம்ஸ். லிவர்பூல்காரரான டாம் இவான்ஸ் 1967-ல் வந்து சேர்ந்தார். லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் பகுதியில் ஒரே வீட்டில் எல்லோரும் தங்கி, கிடைத்த மேடையில் எல்லாம் வாசித்து, மிச்ச நேரத்தில் சொந்தமாகப் பாட்டு எழுதிப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள்.

பீட்டில்ஸின் உதவியாளர் மால் இவான்ஸ் (டாம் இவான்ஸுக்கு உறவு இல்லை, பெயர்தான் ஒன்று) இவர்களுடைய டேப்புகளை ஆப்பிள் நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். ஆப்பிள் என்றால் கம்ப்யூட்டர் கம்பெனி இல்லை. பீட்டில்ஸ் 1968-ல் ஆரம்பித்த இசைத்தட்டு நிறுவனம். அதே ஆண்டு ஐவீஸ் அங்கே ஒப்பந்தம் ஆனார்கள்.

முதல் ஆல்பம் 'மேபி டுமாரோ'. 1969-ல் வந்தது. எங்கே வந்தது தெரியுமா? இத்தாலி, மேற்கு ஜெர்மனி, ஜப்பான். அவ்வளவுதான். சொந்த நாட்டில் வரவில்லை, அமெரிக்காவிலும் வரவில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் உள் குழப்பங்களில் ஆல்பம் மாட்டிக்கொண்டது. சரக்கு தயார், கடைக்குப் போகவில்லை. இந்தக் குழுவின் வாழ்க்கையில் இது முதல் தடவை. கடைசித் தடவை இல்லை.

பீட்டில்ஸ் நிழல் என்கிற கதை

1969-ல் பால் மெக்கார்ட்னி ஒரு படத்துக்காக 'கம் அண்ட் கெட் இட்' என்று ஒரு பாட்டு எழுதினார். ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் தானே எல்லா வாத்தியங்களையும் வாசித்து ஒரு மாதிரிப் பதிவு செய்தார். அதை ஐவீஸ் கையில் கொடுத்து, இதை அப்படியே வாசியுங்கள், எதையும் மாற்றாதீர்கள் என்றார். அப்படியே வாசித்தார்கள். பாட்டு வெளிவருவதற்குள் குழுவின் பெயர் பேட்ஃபிங்கர் ஆகிவிட்டது. அந்தப் பெயரும் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றுக்கு வைத்திருந்த தற்காலிகத் தலைப்பிலிருந்து எடுத்ததுதான். பிரிட்டனில் 4-ம் இடம், அமெரிக்காவில் 7-ம் இடம். ரான் கிரிஃபித்ஸ் விலக, அந்த இடத்தை நிரப்பும் வகையில் லிவர்பூலின் ஜோயி மோலண்ட் வந்தார்.

1970-ன் தொடக்கத்தில் வந்த 'மேஜிக் கிறிஸ்டியன் மியூசிக்' ஆல்பம் அவசரமாகக் கோத்த மாலை. படத்தின் பாடல்கள் கொஞ்சம், பழைய ஐவீஸ் பாடல்கள் மீதி. பீட்டில்ஸ் நிழல் என்று சொல்கிறவர்கள் இந்த ஆல்பத்தை மட்டும் கேட்டிருந்தால் அவர்கள் சொல்வதை ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் அதே ஆண்டு நவம்பரில் 'நோ டைஸ்' வந்தது. நிலைமையே வேறு. மெக்கார்ட்னியின் உதவி இல்லை. எல்லாம் சொந்தச் சரக்கு. பீட் ஹாம் எழுதிய 'நோ மேட்டர் வாட்' அமெரிக்காவில் 8, பிரிட்டனில் 5. கிட்டார் கனமாக இருக்கும், மெட்டு இனிப்பாக இருக்கும், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு 'பவர் பாப்' என்று ஒரு வகைக்குப் பெயர் வைத்தபோது அதன் முன்னோடிகளில் ஒன்றாக எல்லோரும் காட்டுகிற பாட்டு இதுதான். பீட்டில்ஸைப் போல இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் 1970-ல் பீட்டில்ஸே பீட்டில்ஸைப் போல இல்லை, பிரிந்து போயிருந்தார்கள். அந்த ஒலிக்கு ஏங்கிய ரசிகர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். அந்த நிழல் பேட்ஃபிங்கருக்கு இழப்பைக் கொடுக்கவில்லை, விற்பனையைக் கொடுத்தது. சந்தையில் சொல்வதானால், அது ஒரு 'குட்வில்'.

அதே ஆல்பத்தில்தான் 'வித்தவுட் யூ' இருக்கிறது. பீட் ஹாமிடம் ஒரு சரணம் இருந்தது, பல்லவி சரியாக அமையவில்லை. டாம் இவான்ஸிடம் ஒரு பல்லவி இருந்தது, சரணம் இல்லை. இரண்டு அரைப் பாட்டுகளை ஒட்டினார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ சிங்கிளாகக்கூட விடவில்லை. ஒரு பார்ட்டியில் அதைக் கேட்ட ஹாரி நில்சன், பீட்டில்ஸ் பாட்டு என்று நினைத்துத் தேடினாராம். பிறகு உண்மை தெரிந்து 1971-ல் தானே பாடினார். 1972-ல் அமெரிக்காவில் 4 வாரம், பிரிட்டனில் 5 வாரம் முதலிடம். எழுதிய இருவருக்கும் ஐவர் நோவெல்லோ விருது கிடைத்தது.

பீட்டில்ஸ் ஆட்களும் இவர்களை வெறும் நகலாகப் பார்க்கவில்லை. ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்தில் கிட்டார் வாசித்தது இவர்கள். ஜான் லெனனின் 'இமேஜின்' ஆல்பத்தில் டாம் இவான்ஸும் ஜோயி மோலண்டும் வாசித்திருக்கிறார்கள். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் ரவிசங்கரும் ஹாரிசனும் சேர்ந்து நடத்திய வங்கதேச நிவாரணக் கச்சேரியில் குழு முழுவதும் மேடையில் இருந்தது. 'ஹியர் கம்ஸ் தி சன்' பாட்டுக்கு மட்டும் ஹாரிசன் வேறு வாத்தியம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு கிட்டார். ஒன்று அவருடையது, மற்றது பீட் ஹாமுடையது. நகல் எடுக்கிற பையனுக்கு அந்த இடம் கிடைக்காது.

அந்த ஒரு கையெழுத்து

1970-ன் கடைசியில், 'நோ டைஸ்' கடைகளில் விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டான் பாலி என்ற வணிக மேனேஜருடன் பேட்ஃபிங்கர் ஒப்பந்தம் போட்டது. 'பேட்ஃபிங்கர் எண்டர்பிரைசஸ்' என்று அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஏற்பட்டது. ஏற்பாடு இதுதான்: கச்சேரி, இசைத்தட்டு, பாடல் உரிமை என்று எந்த வழியில் வரும் பணமும் கம்பெனிக்குப் போகும். கம்பெனியிலிருந்து நால்வருக்கும் சம்பளம் வரும். கம்பெனியின் தலைவர் பாலி. கமிஷன் எடுப்பவரும் பாலி.

முதல் பார்வைக்கு இதில் தப்பு எதுவும் தெரியாது. இன்று ஹிட், நாளை பட்டினி என்று இருக்கும் தொழிலில் மாதச் சம்பளம் என்பது சொர்க்கம். வரி விவகாரத்தை யாரோ பார்த்துக்கொள்வார்கள், பையன்கள் நிம்மதியாகப் பாட்டு எழுதலாம். இப்படித்தான் அந்தத் திட்டம் விலைபோனது.

இப்போது எண்களுக்கு வரலாம். 1970 டிசம்பர் 8 முதல் 1971 அக்டோபர் 31 வரையிலான கணக்கு அறிக்கை ஒன்று பின்னாளில் வெளியே வந்தது. அதில் இருப்பது இது:

ஜோயி மோலண்ட் – 8,339 டாலர்
டாம் இவான்ஸ் – 6,861 டாலர்
மைக் கிப்பின்ஸ் – 6,211 டாலர்
பீட் ஹாம் – 5,959 டாலர்
கம்பெனியின் நிகர லாபம் – 24,569 டாலர்
நிர்வாகக் கமிஷன் – 75,744 டாலர்

ஒரு நிமிடம் நிறுத்தி இதை மறுபடி படிக்க வேண்டும். வாசித்த நான்கு பேருக்கும் சேர்த்து 27,370 டாலர். மேனேஜ்மென்டுக்கு அதைப்போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. இன்னொரு விஷயம், பட்டியலில் மிகக் குறைவாக வாங்கியவர் யார் என்று பாருங்கள். 'நோ மேட்டர் வாட்' எழுதிய பீட் ஹாம்.

முகவர் என்பவர் தன்னை நியமித்தவருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பது ஏஜென்சி பாடத்தின் அரிச்சுவடி. பணத்தை வாங்குபவரும், செலவை அனுமதிப்பவரும், கணக்கு வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது தணிக்கைப் பாடத்தின் அரிச்சுவடி. இரண்டு அரிச்சுவடியையும் ஒரே காகிதத்தில் அழித்திருக்கிறார்கள். இதற்கு எதற்கு சாபம்?

'அவர்கள்தானே கையெழுத்துப் போட்டார்கள், படித்துப் பார்த்திருக்க வேண்டாமா?' என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கையெழுத்துப் போட்டபோது அவர்களுடைய வயது என்ன தெரியுமா? மூன்று பேருக்கு 23. கிப்பின்ஸுக்கு 21. கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிற வயது. அந்த வயதில் கோட் சூட் போட்ட ஒருவர் முப்பது பக்கக் காகிதத்தை நீட்டினால் எத்தனை பேர் உட்கார்ந்து படிப்பார்கள்? செல்போன் இணைப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் கையெழுத்துப் போடும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர்கள் மட்டும் அவர்களைக் குறை சொல்லலாம் :-)

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. கொஞ்ச நாளிலேயே மோலண்ட் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். பீட் ஹாம் நீண்ட காலம் பாலியை நம்பினார். குழு இரண்டாகப் பிளந்தது இசையினால் இல்லை, இந்த நம்பிக்கை விஷயத்தினால்தான்.

ஆல்பங்கள் என்ன சொல்கின்றன?

இசையில் இந்தக் குழு சரிந்துகொண்டே போனது என்று ஒரு கருத்து உண்டு. அதையும் ஆல்பங்களை வைத்தே பார்த்துவிடலாம்.

'ஸ்ட்ரெய்ட் அப்' அமெரிக்காவில் 1971 டிசம்பரில் வந்தது. முதலில் ஜெஃப் எமெரிக் தயாரிப்பில் ஒரு முழு ஆல்பம் பதிவாகி, ஆப்பிள் அதை நிராகரித்தது. ஹாரிசன் வந்து மறுபடி ஆரம்பித்தார். வங்கதேசக் கச்சேரி வேலை வந்ததும் பாதியில் போக வேண்டியதாயிற்று. கடைசியில் டாட் ரண்ட்கிரன் என்ற அமெரிக்கர் வந்து முடித்தார். மூன்று சமையல்காரர்கள் கைவைத்த குழம்பு. கெட்டுப்போயிருக்க வேண்டும், ஆனால் இன்றைக்கும் பெரும்பாலான ரசிகர்கள் இவர்களுடைய சிறந்த ஆல்பம் என்று கைகாட்டுவது இதைத்தான். 'டே ஆஃப்டர் டே' அமெரிக்காவில் 4-ம் இடம். அதில் வரும் அந்த ஸ்லைடு கிட்டார் ஹாரிசனும் ஹாமும் வாசித்தது, பியானோ லியோன் ரஸ்ஸல். 'பேபி புளூ' அமெரிக்காவில் 14-ம் இடம்.

இத்தனை வேகத்தில் போய்க்கொண்டிருந்த குழுவின் அடுத்த ஆல்பம் எப்போது வந்தது? அமெரிக்காவில் 1973 நவம்பரில். ஏறக்குறைய இரண்டு ஆண்டு இடைவெளி. தயாரிப்பாளர் விலகியது, ஆப்பிள் நிறுவனத்தின் தள்ளாட்டம், பாடல் உரிமைத் தகராறு என்று காரணங்கள் அடுக்கடுக்காக. பாப் சந்தையில் இரண்டு ஆண்டு என்பது ஒரு தலைமுறை. ஹிட்டின் சூடு ஆறிவிட்டது.

அந்த ஆல்பத்தின் பெயர் 'ஆஸ்'. கழுதை என்று எடுத்துக்கொள்ளலாம் (வேறு அர்த்தமும் உண்டு, அது இங்கே வேண்டாம்). அட்டைப் படத்தில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒரு கழுதை. வானத்திலிருந்து ஒரு கை பெரிய கேரட்டை நீட்டிக் காட்டுகிறது. கழுதை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு குழு தன் நிறுவனத்தைப் பற்றி இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஆப்பிள் ஆஃப் மை ஐ' பீட் ஹாம் ஆப்பிள் நிறுவனத்துக்கு எழுதிய பிரிவுபசாரம். திட்டவில்லை, வருத்தப்பட்டு விடைபெறுகிறார். அது அவருடைய குணம்.

பாலி இதற்குள் வார்னர் நிறுவனத்துடன் பெரிய ஒப்பந்தம் பேசிவிட்டார். குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்து ஆல்பங்கள் கொடுத்தாக வேண்டும். விளைவு, 'ஆஸ்' வந்து மூன்றே மாதத்தில், 1974 பிப்ரவரியில், வார்னரின் முதல் ஆல்பமான 'பேட்ஃபிங்கர்' அமெரிக்கக் கடைகளில் இறங்கியது. ஒரே குழு, ஒரே கடை, இரண்டு போட்டி நிறுவனங்களின் இரண்டு புதுச் சரக்கு. ரசிகன் எதை வாங்குவான்? இரண்டுமே படுத்தன. இதைத் திறமைக் குறைவு என்று எழுதினால் மார்க்கெட்டிங் பேப்பரில் மதிப்பெண் கிடைக்காது.

இரண்டு ஆண்டு ஒன்றும் வராமல் இருந்து, பிறகு மூன்று மாதத்தில் இரண்டு. இப்படி ஒரு வெளியீட்டு அட்டவணையை எந்த நல்ல குழுவும் தாங்காது.

'விஷ் யூ வேர் ஹியர்'

பேட்ஃபிங்கரைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், 'வித்தவுட் யூ' பாட்டைவிட இந்த ஆல்பத்தையே சொல்ல வேண்டும். பெயரைப் பார்த்து பிங்க் ஃபிளாய்டு என்று நினைக்க வேண்டாம். அவர்கள் அதே பெயரில் ஆல்பம் வெளியிட்டது 1975-ல். இவர்கள் 1974 நவம்பரில்.

கொலராடோ மலைப்பகுதியில் கரிபூ ரான்ச் என்ற ஸ்டூடியோவில் பதிவானது. தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸ். வார்னர் ஆல்பத்தின் அவசரம் இதில் இல்லை. முதல் பாட்டான 'ஜஸ்ட் எ சான்ஸ்' கதவை உடைத்துக்கொண்டு வருகிறது. 'நோ ஒன் நோஸ்' பாட்டின் நடுவில் ஜப்பானியப் பாடகி மிகா ஜப்பானிய மொழியில் பேசுகிறார். கேட்க விசித்திரமாக இருந்தாலும் பொருந்துகிறது. கிப்பின்ஸின் பாட்டையும் மோலண்டின் பாட்டையும் ஒரே உருப்படியாகத் தைத்திருக்கிறார்கள். கடைசியில் ஹாமின் பாட்டையும் மோலண்டின் பாட்டையும் அதேபோல இணைத்திருக்கிறார்கள். வெளியே ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத நிலை. பாட்டுக்குள் மட்டும் நால்வரும் சேர்ந்து நிற்கிறார்கள். 'ஸ்ட்ரெய்ட் அப்' ஹிட் பாடல்களின் தொகுப்பாகப் பெரியது. ஆனால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே மூச்சில் கேட்க வேண்டிய ஆல்பம் என்றால் இதுதான். விமர்சகர்களும் பாராட்டினார்கள்.

பிறகு நடந்தது இசைக்குச் சம்பந்தமே இல்லாதது. ஒப்பந்தப்படி ஒரு பாதுகாப்புக் கணக்கில் இருந்திருக்க வேண்டிய முன்பணம் எங்கே என்று வார்னரின் பாடல் உரிமைப் பிரிவு கேட்டது. பாலியிடமிருந்து திருப்தியான பதில் இல்லை. 1974 டிசம்பரில் வழக்கு. 1975-ன் தொடக்கத்தில், வெளிவந்து இரண்டு மாதம்கூட நிறையாத நிலையில், 'விஷ் யூ வேர் ஹியர்' கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

ஆல்பம் நன்றாக இல்லை என்று யாரும் சொல்லவில்லை. விற்காது என்றும் சொல்லவில்லை. ஒரு கணக்கில் ஒரு தொகை காணவில்லை, அதனால் கடை அலமாரியில் ஓர் ஆல்பம் காணாமல் போனது. அவ்வளவுதான் விஷயம். பேட்ஃபிங்கர் கதை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

இதற்கு நடுவில் மோலண்ட் விலகிவிட்டார். பாப் ஜாக்சன் என்ற கீபோர்டு கலைஞர் சேர்ந்திருந்தார். 1974 டிசம்பரில் லண்டன் ஆப்பிள் ஸ்டூடியோவில் இரண்டே வாரத்தில் 'ஹெட் ஃபர்ஸ்ட்' என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அதில் டாம் இவான்ஸ் எழுதிய இரண்டு பாடல்களின் தலைப்பு மட்டும் போதும்: 'ஹே, மிஸ்டர் மேனேஜர்', 'ராக் அண்ட் ரோல் கான்ட்ராக்ட்'. விளக்கவுரை தேவையில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்ததால் வார்னர் அதை வெளியிடவில்லை. அது வெளிவந்தது 2000-ல். கால் நூற்றாண்டு கழித்து.

1975-ல் சம்பளமும் நின்றது. பீட் ஹாம் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தார். சில வாரங்களில் குழந்தை பிறக்க இருந்தது. ஏப்ரல் 24 அன்று அவர் இறந்தார். இன்னும் மூன்று நாளில் 28 வயது நிறைந்திருக்கும். அடுத்த மாதம் மகள் பிறந்தாள். அவர் விட்டுச்சென்ற குறிப்பில் பாலியின் பெயர் இருந்தது. ஒரு மனிதன் அந்த முடிவுக்குப் போவதற்கு ஒரே காரணம் என்று வெளியாட்கள் தீர்ப்பெழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆனால் வேலை செய்த பணம் கைக்கு வந்திருந்தால் அந்த ஏப்ரல் மாதத்தில் அவருக்கு ஒரு பாரமாவது குறைந்திருக்கும் என்று சொல்வதற்குத் தீர்ப்பு தேவையில்லை.

அதற்குப் பிறகு

மோலண்டும் இவான்ஸும் மறுபடி சேர்ந்து 1979-ல் 'ஏர்வேவ்ஸ்', 1981-ல் 'சே நோ மோர்' என்று இரண்டு ஆல்பங்கள் கொண்டுவந்தார்கள். மோசம் இல்லை, ஆனால் பழைய வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பது மாதிரி இருக்கிறது. பிறகு இருவரும் பிரிந்து, ஆளுக்கு ஒரு பேட்ஃபிங்கர் என்று இரண்டு குழுக்கள் அமெரிக்காவில் சுற்றின. ஆப்பிள் காலத்து ராயல்டி வழக்குகளில் முடங்கிக் கிடந்தது. 'வித்தவுட் யூ' பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதிலும் சண்டை. 1983 நவம்பரில் டாம் இவான்ஸும் போய்ச் சேர்ந்தார்.

ஸ்டான் பாலி என்ன ஆனார்? 1991-ல் கலிஃபோர்னியாவில், விமான எஞ்சின் தொழில் சம்பந்தமான வேறொரு வழக்கில், பணத்தைக் கையாடல் செய்த குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல் ஏற்றுக்கொண்டார். ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவு. 2009-ல் காலமானார். 'சாபம்' என்று எழுதும்போது வசதியாக மறைந்துபோவது இந்தப் பகுதிதான். சாபத்துக்கு முகவரி கிடையாது. யாரையும் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை. உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம்.

எல்லாப் பழியும் ஒரே ஆள் தலையில் என்றும் முடித்துவிடக் கூடாது. ஆப்பிள் தன் கலைஞர்களின் ஆல்பங்களை ஒழுங்காகக் கடைக்கு அனுப்பத் தெரியாத நிறுவனமாக இருந்தது. வார்னர் தன் பணத்தைக் காக்க வழக்குப் போட்டது. அது அவர்கள் உரிமை. ஆனால் ஆல்பத்தைத் திரும்பப் பெற்றபோது தண்டனை அனுபவித்தது கணக்கு வைத்தவர் அல்ல, பாட்டுப் பாடியவர்கள். தொகை எங்கே என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. சட்டப்படி அவர்கள்தான் கம்பெனி, நடைமுறையில் அவர்கள் சம்பளக்காரர்கள். பொறுப்பு வரும்போது முதலாளி, பணம் வரும்போது தொழிலாளி. அந்த ஏற்பாடு பாப் இசையோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாம்.

2013-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஸ்வான்சீயில் ஐவீஸ் என்ற பெயர் பிறந்த தெருவில் பீட் ஹாம் நினைவாக ஒரு நீல நிறப் பலகை வைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் 'பிரேக்கிங் பேட்' தொடரின் கடைசிக் காட்சியில் 'பேபி புளூ' ஒலித்தது. அன்று இரவு பல லட்சம் பேர் 'இது யார் பாட்டு?' என்று தேடினார்கள். 41 ஆண்டு பழைய பாட்டு மறுபடி விற்றது. 2025 மார்ச்சில் ஜோயி மோலண்டும் காலமானார். கிப்பின்ஸ் 2005-லேயே போய்விட்டார். அந்தக் கணக்கு அறிக்கையில் பெயர் இருந்த நால்வரில் இப்போது யாரும் இல்லை. ஆல்பங்கள் மட்டும் இருக்கின்றன.

அவற்றைச் சோகக் கதையின் பின்னணி இசையாகக் கேட்பதுதான் அவர்களுக்குச் செய்யும் கடைசி அநியாயம். 'நோ டைஸ்' கேட்டால் அதில் சாவின் வாடை எதுவும் இல்லை. 23 வயதுப் பையன்கள் நல்ல பாட்டு எழுதிவிட்ட சந்தோஷத்தில் வாசிக்கிற சத்தம்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் 'ஸ்ட்ரெய்ட் அப்' ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம். பிடித்துப்போனால் 'நோ டைஸ்'. அதுவும் பிடித்தால், ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி 'விஷ் யூ வேர் ஹியர்' முழுவதையும் முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் கேட்க வேண்டும். 1975-ல் கடையிலிருந்து தூக்கிய அந்த ஆல்பம் இப்போது எளிதாகக் கிடைக்கிறது.